மின் வண்டிக்குச் சத்தம் எதற்கு? புதிய விதியும் அது தொடாத வண்டிகளும்

மின்சார வண்டி வாங்கியவர்கள் முதலில் பெருமையாகச் சொல்வது, "சத்தமே வராது" என்பதைத்தான். அந்த வண்டியில் ஸ்பீக்கர் வைத்துச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று அரசு சொன்னால் குழப்பம் வரத்தான் செய்யும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் ஒரு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. 2026 அக்டோபர் 1 முதல் புதிதாக அறிமுகமாகும் மின் கார், பேருந்து, லாரி மாடல்களில் ஒலி எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஏற்கெனவே தயாரிப்பில் உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 முதல் கட்டாயம் என்பது அதன் சாரம்.

"இருக்கிற இரைச்சல் போதாதா?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. "பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை, தூக்கிவாரிப் போட்டது" என்கிறது இன்னொரு தரப்பு. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த விதி எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது, எந்த வண்டியைத் தொடவே இல்லை என்பதைப் பார்க்காமல் இந்த வாதத்தைத் தீர்க்க முடியாது.

## சத்தம் எங்கிருந்து வருகிறது

ஓடும் வண்டியின் சத்தம் என்று நாம் சொல்வது மூன்று சத்தங்களின் கலவை.

1. எஞ்சின், சைலன்சர், கியர் ஆகியவற்றிலிருந்து வருவது. வண்டி நின்றாலும், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் இது இருக்கும்.
2. டயர் சாலையில் உருள்வதால் வருவது. வேகம் ஏற ஏற இதுவும் விறுவிறுவென்று ஏறும்.
3. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வருவது. நெடுஞ்சாலை வேகத்தில்தான் இது பெரிதாகத் தெரியும்.

மின் வண்டியில் காணாமல் போவது முதலாவது மட்டும்தான். அதுவும் முழுதாகப் போவதில்லை, மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் மிஞ்சும். டயருக்கோ, தான் பெட்ரோல் வண்டியில் மாட்டப்பட்டிருக்கிறோமா பேட்டரி வண்டியிலா என்ற பேதம் கிடையாது. சாலையோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், 50 கி.மீ. வேகத்தில் கடந்துபோகும் இரண்டு கார்களில் எது மின் கார் என்று சொல்வது கடினம். மணிக்கு 20 முதல் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் டயர்ச் சத்தம் எஞ்சின் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. அதற்குக் கீழேதான் வித்தியாசம்.

ஆகவே மின் வண்டி சத்தமில்லாதது என்பது மெதுவாகப் போகும்போது மட்டும் உண்மை. ஆனால் வண்டிகள் மெதுவாகப் போகும் இடங்கள் எவை என்று பாருங்கள். அடுக்ககத்தின் கீழ்த்தள பார்க்கிங், பள்ளி வாசல், மருத்துவமனை வளாகம், சந்து, சிக்னலில் பச்சை விழும் நொடி, ரிவர்ஸ் எடுக்கும் இடம். மனிதர்களும் வண்டிகளும் ஒரே தரையைப் பங்குபோடுகிற இடங்கள் இவைதான். நெடுஞ்சாலை நடுவே யாரும் நடப்பதில்லை. பார்க்கிங்கிலோ வண்டி போகும் வழியில்தான் எல்லாரும் நடந்தாக வேண்டும், கையில் காய்கறிப் பையோடும் பிள்ளையோடும்.

## காது செய்யும் வேலை

பார்த்துத்தான் தெருவைக் கடக்கிறோம் என்று நினைக்கிறோம். எந்தப் பக்கம் பார்ப்பது என்று கண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் காது. கண் முன்னால் இருப்பதைத்தான் பார்க்கும். காதுக்கு முன்பக்கம், பின்பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஒன்றுதான். ஒரு வண்டியின் சத்தத்திலிருந்து நாம் யோசிக்காமலே நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்கிறோம்: வண்டி ஒன்று இருக்கிறது, இந்தத் திசையில் இருக்கிறது, கிட்டே வருகிறது அல்லது விலகிப் போகிறது, வேகம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

திசையைக் கண்டுபிடிப்பது இரண்டு காதுகளும் சேர்ந்து செய்யும் கணக்கு. ஒலி ஒரு காதை மற்றொன்றைவிடச் சற்று முன்னால் எட்டுகிறது, சற்றுப் பலமாகவும் எட்டுகிறது. மூளை அந்த நுண்ணிய வித்தியாசத்தை வைத்துத் திசையைச் சொல்லிவிடும். பல அலைவரிசைகள் கலந்த ஒலியில் இது சுலபம். "பீப், பீப்" என்று ஒற்றைச் சுருதியில் வரும் ஒலியில் கடினம். பார்க்கிங்கில் ஏதோ ஒரு வண்டி பீப் அடித்துக்கொண்டு பின்னால் வரும்போது எல்லாரும் நாலாபக்கமும் திரும்பிப் பார்ப்பது இதனால்தான். வண்டி இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று தெரிவதில்லை. பெட்ரோல் எஞ்சினின் கரகரப்பு, அதை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்க்காமலேயே, திசை காட்டுவதற்குத் தோதான ஒலியாக அமைந்துவிட்டது.

பார்வையற்றவர்களுக்கு இது வெறும் வசதி சார்ந்த விஷயமல்ல. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். வெள்ளைக்கோலோடு தெருவில் நடக்கப் பயிற்சி பெறுகிறவர்கள், பக்கத்தில் இணையாக ஓடும் வண்டிகளின் சத்தம் எழும்புவதை வைத்தே சிக்னல் மாறியதைக் கணிக்கிறார்கள். நின்றிருக்கும் வண்டியின் எஞ்சின் உறுமலை வைத்து, கடக்கும் இடத்தில் வண்டி இருக்கிறதா என்று அறிகிறார்கள். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த, மெதுவாகப் போகும்போது மோட்டாரில் மட்டும் ஓடக்கூடிய ஹைபிரிட் கார்கள் பரவத் தொடங்கியதும் முதலில் குரல் எழுப்பியதும் அவர்களே. அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 2010இல் பாதசாரிகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று அங்கே நிறைவேறியது. 2011 ஜனவரியில் அதிபர் ஒபாமா அதில் கையெழுத்திட்டார்.

## ஹாரன் இருக்கிறதே?

நம் ஊரில் உடனே எழும் கேள்வி இது. ஹாரனுக்கா பஞ்சம்?

ஹாரன் அடிப்பவர் ஓட்டுநர். அவர் உங்களைப் பார்த்திருந்தால்தான் அடிப்பார். விபத்துகளில் பல அவர் பார்க்காததால் நடப்பவை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் குனிந்து நிற்கும் குழந்தையை அவர் பார்க்கவில்லை என்பதுதான் சிக்கலே. எஞ்சின் சத்தம் ஓட்டுநரைக் கேட்டு வருவதில்லை. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், தூங்கி வழிந்தாலும் அது தன்பாட்டுக்கு வரும். நடப்பவர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுக்கும். ஹாரன் அந்த வாய்ப்பைத் தருவதில்லை, ஆளைத் திடுக்கிட வைக்கிறது; திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் தாவுவார் என்று யாருக்கும் தெரியாது.

ரயில்வே பிளாட்பாரத்தில் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி காரைக் கவனித்தால் இது விளங்கும். ஓட்டுநர் ஹாரனை நம்பி ஓட்டுவதில்லை. "ஓரம், ஓரம், கொஞ்சம் ஓரம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவார். புதிய விதி ஸ்பீக்கர் மூலம் செய்யச் சொல்வதும் இந்த வேலையைத்தான்.

## விபத்துக் கணக்குகள் சொல்வது என்ன

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. ஒரே ஒரு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால் தப்பான முடிவுக்குப் போய்விடலாம்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 16 மாநிலங்களின் விபத்துப் பதிவுகளை எடுத்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே நிறுவனங்களின் பெட்ரோல் மாடல்களோடு ஒப்பிட்டால், ஹைபிரிட் கார்கள் பாதசாரி மீது மோதும் வாய்ப்பு 35 விழுக்காடும், சைக்கிள் மீது மோதும் வாய்ப்பு 57 விழுக்காடும் அதிகம் என்றது. மெதுவாக நகர்வது, திரும்புவது, ரிவர்ஸ் எடுப்பது போன்ற நேரங்களில்தான் வித்தியாசம் கூடுதலாக இருந்தது. இயற்பியல் சொல்வதோடு இது பொருந்திப்போகிறது.

அடுத்தது பிரிட்டன். லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013 முதல் 2017 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். 10 கோடி மைல் ஓட்டத்துக்கு, மின், ஹைபிரிட் கார்கள் மோதிப் பாதிக்கப்பட்ட பாதசாரிகள் 5.16 பேர், பெட்ரோல், டீசல் கார்கள் மோதியதில் 2.40 பேர். அதாவது இரண்டு மடங்கு. நகரத்தில் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது, கிராமப்புறத்தில் இல்லை. செய்தித்தாள்கள் "மின் கார் இரண்டு மடங்கு ஆபத்து" என்று தலைப்புப் போட்டது இதை வைத்துத்தான்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

1. அந்த ஆண்டுகளில் ஓடிய கார்களுக்கு ஒலிக் கருவி கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் புதிய மாடல்களுக்கு அது கட்டாயமானது 2019 ஜூலையில், எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2021 ஜூலையில்.
2. மின், ஹைபிரிட் என்று இரண்டும் ஒரே கூடையில் போடப்பட்டன. அப்போது ஓடியவற்றில் ஹைபிரிட்தான் அதிகம். அந்நாட்டில் ஹைபிரிட் கார்களில் பல வாடகை வண்டிகளாக நகருக்குள்ளேயே நாள் முழுதும் சுற்றுபவை. கூட்டத்தில் அதிகம் ஓடும் வண்டி அதிகம் மோதத்தான் செய்யும்.
3. ஓட்டுநரின் வயது போன்றவற்றையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பின்னர், 2019 முதல் 2023 வரையிலான பிரிட்டன் பதிவுகளை லீட்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. முழு மின் கார்களுக்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்கும் பாதசாரி விபத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. ஹைபிரிட் கார்களின் எண் மட்டும் அப்போதும் உயரத்தில் இருந்தது. ஒலிக் கருவி வந்ததால் நிலைமை சீரானதா, புதிய கார்களில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி வந்ததாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை. ஆக, ஆபத்து கற்பனையல்ல; ஆனால் "இரண்டு மடங்கு" என்பது இன்றைய மின் காரின் தலையில் ஒட்டிவைக்க வேண்டிய எண்ணும் அல்ல.

## கருவி எப்படி வேலை செய்கிறது

காரின் முன் பம்பருக்குப் பின்னே தண்ணீர் புகாத ஸ்பீக்கர் ஒன்று இருக்கும். வண்டியின் வேகத்தைச் சக்கரத்திலிருந்து அறிந்து அதற்கேற்ற ஒலியை எழுப்பும். உலகில் பல நாடுகள் பின்பற்றுவது 2016இல் வந்த ஐக்கிய நாடுகள் அவையின் 138ஆம் வாகன விதி. இந்தியாவின் வரைவு குறிப்பிடும் ஏஐஎஸ்-173 என்ற இந்திய வாகனத் தரமும் அதை அடியொற்றியதே. 138ஆம் விதியின் முக்கியமான அம்சங்கள்:

1. வண்டி நகரத் தொடங்கியதிலிருந்து 20 கி.மீ. வேகம் வரையிலும், ரிவர்ஸிலும் ஒலி வர வேண்டும்.
2. 2 மீட்டர் தூரத்தில் அளந்தால் 10 கி.மீ. வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20 கி.மீ. வேகத்தில் 56 டெசிபல், ரிவர்ஸில் 47 டெசிபல் இருக்க வேண்டும். 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.
3. வேகம் கூடினால் சுருதி ஏற வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்துக்கும் சராசரியாக 0.8 விழுக்காடு.
4. குறைந்தது இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் ஒலி இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது 1,600 ஹெர்ட்ஸிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்.

கடைசி அம்சம் வயதானவர்களுக்காக. வயது ஏறும்போது காது முதலில் இழப்பது உச்ச ஸ்தாயி ஒலிகளை. கீச்சென்ற ஒலியை மட்டும் வைத்தால் யாருக்கு அது அதிகம் தேவையோ அவருக்கே கேட்காது. மூன்றாவது அம்சம், முன்னே சொன்ன நான்கு விஷயங்களில் கடைசியானது: வண்டி வேகம் எடுக்கிறதா குறைக்கிறதா என்பது காதுக்குத் தெரிய வேண்டும்.

அமெரிக்க விதி சற்றுக் கடுமையானது. அங்கே கருவி 30 கி.மீ. வேகம் வரை ஒலிக்க வேண்டும், வண்டி கியரில் நிற்கும்போதும் ஒலிக்க வேண்டும். ஐ.நா. விதி நிற்கும்போது ஒலியைக் கட்டாயமாக்கவில்லை. வெள்ளைக்கோலோடு கடப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அமெரிக்க விதிதான் மேல்.

என்ன ஒலி வைப்பது என்பதில் நிறுவனங்களுக்குச் சுதந்திரம் உண்டு. பி.எம்.டபிள்யூ தன் மின் கார்களின் ஒலிகளுக்கு ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரை அழைத்தது. மகிந்திரா ஏ.ஆர். ரகுமானோடு கைகோத்தது. டெஸ்லா ஒருபடி மேலே போய், விரும்பிய ஒலியை வண்டிக்கு வெளியே ஒலிக்கவிடும் வசதியைக் கொடுத்தது. அது எச்சரிக்கை ஒலியை மறைத்துவிடக்கூடும் என்று 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 5.79 லட்சம் கார்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. மென்பொருளைத் திருத்தினார்கள். இதில் அரசு கறாராக இருந்தது சரிதான். ஆட்டு மந்தை கத்துவது போன்ற ஒலியோடு கார் பின்னால் வந்தால், "கார் வருகிறது" என்று யாருக்கும் தோன்றாது.

## 56 டெசிபல் கடைத்தெருவில் கேட்குமா

விதியின் எல்லை இங்கேதான் தெரிகிறது. கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

டெசிபல் நேர்க்கோட்டில் ஏறும் அளவல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. காதுக்கோ அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 56 டெசிபல் என்றால் 4 மீட்டரில் 50, 8 மீட்டரில் 44.

இப்போது பிரேக் கணக்கு. 20 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 5.6 மீட்டர் நகரும். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி, பிறகு பிரேக் பிடித்து நிற்க இரண்டரை மீட்டர் சொச்சம் என்று வைத்தால் மொத்தம் 8 மீட்டர். ஆக, வண்டி 8 மீட்டர் தள்ளி இருக்கும்போதே நடப்பவருக்குக் கேட்டால்தான் இரு தரப்புக்கும் அவகாசம். அந்தத் தூரத்தில் ஒலி 44 டெசிபல்.

இந்திய ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபலை அனுமதிக்கின்றன. வணிகப் பகுதியில் பகலில் 65. அனுமதித்த அளவுக்குள் சத்தம் இருக்கிற கடைத்தெருவிலேயே குறைந்தபட்ச எச்சரிக்கை ஒலி மூழ்கிவிடும். தி. நகர் ரங்கநாதன் தெரு போன்ற இடத்தை எந்த விதிக்குள்ளும் அடக்க முடியாது. அங்கே பெட்ரோல் ஸ்கூட்டர் வருவதே காதுக்குத் தெரியாது.

இந்தக் கணக்கு தோராயமானது. சுற்றுப்புற இரைச்சல் இல்லாத அலைவரிசையில் ஒலி வந்தால், டெசிபல் குறைவாக இருந்தாலும் காது அதைப் பிரித்தெடுத்துவிடும். நிறுவனங்கள் குறைந்தபட்சத்துக்கு மேலேயும் வைக்கலாம். ஆனாலும் பொதுவான முடிவு மாறாது. இந்தக் கருவி அமைதியான இடங்களுக்கானது. இரவு பத்து மணி சந்து, அடுக்ககப் பார்க்கிங், மருத்துவமனை வளாகம், காலை வேளைப் பள்ளித் தெரு. அங்கே உயிரைக் காக்கும். நெரிசலில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. நெரிசலில் உயிரைக் காப்பது வேகக் குறைப்புதான். மேலே போட்ட அதே கணக்கை 40 கி.மீ. வேகத்துக்குப் போட்டால், நிற்கும் தூரம் 8 மீட்டரிலிருந்து 21 மீட்டராகிவிடும்.

"இரைச்சல் கூடிவிடும்" என்ற பயத்துக்கும் பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. ஒரு ஹாரன் எழுப்பும் சத்தத்தோடு ஒப்பிட்டால் 56 டெசிபல் ஒன்றுமே இல்லை. ஊரின் இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் ஹாரன்.

## சைக்கிளில் போகிறவருக்கு

சைக்கிள் ஓட்டுபவரின் நிலை நடப்பவரின் நிலையைப் போன்றதல்ல.

நேரான சாலையில் 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளை ஒரு கார் முந்துகிறது. முந்துவதற்குக் கார் 35, 40 கி.மீ. வேகத்தில் வரும். அந்த வேகத்தில் எச்சரிக்கைக் கருவி ஏற்கெனவே வாயை மூடியிருக்கும். டயர்ச் சத்தம்தான் கேட்கும், அது பெட்ரோல் காருக்கும் ஏறக்குறைய அதேதான். அதுவும் காதில் அடிக்கும் எதிர்காற்றின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும். ஆகவே முந்தும் காரால் வரும் ஆபத்தில் இந்த விதி எந்த மாற்றத்தையும் கொண்டுவராது. இடைவெளி விட்டு முந்துவதும் தனிப்பாதையும்தான் அதற்கு வழி.

அப்படியென்றால் அமெரிக்கப் பதிவுகளில் சைக்கிளுக்கான எண் பாதசாரியைவிட உயர்ந்திருந்தது ஏன்? சைக்கிளில் போகிறவர் பின்னால் திரும்பிப் பார்ப்பது நடப்பவர் திரும்பிப் பார்ப்பதுபோல் இலவசமல்ல. திரும்பினால் ஹேண்டில்பார் ஆடும், முன்னாலுள்ள குழி தப்பிப்போகும். அதனால் அவர் காதை அதிகம் நம்புகிறார். சாலையில் ஒரு பள்ளம் வருகிறது, வலப்பக்கம் ஒடித்துப் போக வேண்டும். அந்த அரை நொடியில் பின்னால் வண்டி இல்லை என்று முடிவு செய்வது காது. பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும் மின் காரோ, சந்திப்பில் பக்கவாட்டில் நின்று இடப்புறம் திரும்பக் காத்திருக்கும் மின் பேருந்தோ அந்தக் கணக்கில் வராமல் போய்விடும். கருவி உதவக்கூடிய இடம் இது.

சத்தமில்லாத வண்டி என்று பார்த்தால் சைக்கிளும் அப்படித்தான். அதற்கு மணி வைத்தோம். ஆனால் சைக்கிளின் எடை சுமார் 20 கிலோதான். மின் காரோ பேட்டரி காரணமாக அதே அளவு பெட்ரோல் காரைவிடச் சில நூறு கிலோ கூடுதல் எடை கொண்டது. முடுக்கியை மிதித்த கணத்தில் முழு விசையோடு பாயக்கூடியது.

## விதிக்குள் வராத வண்டிகள்

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாமல் போகும் பகுதி இதுதான். வரைவு விதி எம், என் என்ற இரண்டு வகை வாகனங்களுக்கு. எம் என்றால் ஆட்களை ஏற்றும் நான்கு சக்கர வண்டிகள், அதாவது கார், பேருந்து. என் என்றால் சரக்கு வண்டிகள். இரு சக்கரமும் மூன்று சக்கரமும் எல் வகையில் வரும். அந்த வகை விதியில் இல்லை.

2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற மின் கார்கள் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டின. மின் இரு சக்கர வண்டிகள் 11 லட்சத்துக்கு மேல். இ-ரிக்‌ஷா உள்பட மின் மூன்று சக்கர வண்டிகள் சுமார் 7 லட்சம். இவற்றில் ஸ்கூட்டர்களின் பெரும்பங்கு தயாராவதே ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில்தான். அதாவது, சாமானியர் ஒருவர் தெருவில் எதிர்கொள்ளும் சத்தமில்லாத வண்டி 20 என்றால், அதில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் இந்த விதி பொருந்துகிறது.

ஐ.நா. விதியும் அமெரிக்க விதியும் இருசக்கர வண்டிகளை விட்டுவிட்டன என்பது உண்மை. அங்கே சாலை என்றால் கார். அந்த நாடுகளின் விதியை எடுத்துக்கொண்டதில் தப்பில்லை. அவர்களுடைய போக்குவரத்துக்கு ஏற்ற வரம்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். நம் ஊர் ஸ்கூட்டர் சந்துக்குள் நுழையும், நடைபாதையில் ஏறும், ஒருவழிப் பாதையில் எதிரே வரும், கோலம் போடுகிறவரின் பின்னால் வந்து நிற்கும். கார் போகாத இடத்துக்கெல்லாம் அது போகும். இரண்டே மெல்லிய டயர் என்பதால் டயர்ச் சத்தமும் குறைவு. இ-ரிக்‌ஷாவின் உச்ச வேகமே விதிப்படி 25 கி.மீ.தான். காரின் வாழ்க்கையில் சில நிமிடங்கள் மட்டும் வரும் சத்தமில்லாத வேகம், இ-ரிக்‌ஷாவுக்கு வாழ்க்கை முழுவதும்.

மறுபக்க வாதமும் உண்டு. ஆண்டுக்குப் பத்து லட்சம் ஸ்கூட்டருக்கு மேல் ஸ்பீக்கர் மாட்டினால், சிக்னலில் முப்பது வண்டிகள் ஒன்றாக ரீங்கரிக்கும்போது எந்த ஒலி எந்த வண்டியுடையது என்று யாருக்கும் தெரியாது. ஸ்கூட்டர் விலையும் கொஞ்சம் ஏறும். சுற்றுப்புறச் சத்தத்தைத் தானே அளந்து, அமைதியான சந்தில் மட்டும் ஒலிக்கும் கருவி இதற்கு ஒரு விடையாக இருக்கலாம்.

பேருந்தைப் பொறுத்தவரை விதி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் எத்தனை பேர் நடைபாதையில் நிற்கிறார்கள்? பாதிப் பேர் தாரில் இறங்கி நின்று, தூரத்தில் வரும் வண்டியின் எண்ணை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு எண்ணைத் தேடும் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பேருந்து தெரியாது. பழைய டீசல் பேருந்து தன் உறுமலாலேயே அவர்களை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

## இறுதி விதி வரும்போது பார்க்க வேண்டியவை

1. ஒலியை அணைக்க சுவிட்ச் உண்டா? ஐ.நா. விதியின் முதல் வடிவம் அப்படியொரு பொத்தானை அனுமதித்தது. பின்னர் திருத்தி நீக்கினார்கள். பொத்தான் இருந்தால் அதை அழுத்தத்தான் செய்வார்கள்.
2. ஏற்கெனவே விற்று ஓடிக்கொண்டிருக்கும் மின் கார்களும் பேருந்துகளும் என்னாகும்? வரைவு பேசுவது இனித் தயாராகும் வண்டிகளைப் பற்றித்தான். பேருந்துகளின் பெரும்பகுதி அரசுக் கழகங்களின் ஒப்பந்தத்தில் ஓடுபவை. ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தால் சட்டம் தேவைப்படாது.
3. நிற்கும்போது ஒலி வேண்டுமா என்பதைப் பார்வையற்றோர் அமைப்புகளிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.
4. எல் வகைக்கு எப்போது? இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் 25 கி.மீ.க்கும் குறைவாக உள்ள மின் ஸ்கூட்டர் நம் சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. அதற்குப் பதிவெண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளும் உணவு விநியோகிக்கும் இளைஞர்களும் அதிகம் ஓட்டுவது அந்த வண்டியைத்தான். எல் வகையையும் சேர்த்து நாளை விதி வந்தாலும், மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கும் அந்த ஸ்கூட்டரை அது எட்டாது.